பின்பக்கச் சரிவுக்கு ஆறடிச் சுவரா, மூன்று சின்னக் கையாலையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் விளையில் (தோட்டத்தில்) வீடு கட்டியிருக்கிறீர்கள். வீட்டின் பின்பக்கம் 36 அடி தூரத்தில் 6 அடி இறங்குகிறது, அகலம் 40 அடி. அம்மாவுக்கு வாழையும் கறிவேப்பிலையும் கொஞ்சம் காய்கறியும் போடச் சமதரை வேண்டும். கொத்தனார், கீழ் எல்லையில் ஹாலோ பிளாக்கில் ஆறடிச் சுவர் எழுப்பி, நடுவில் ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, மண்ணடித்து நிரப்பிவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதெல்லாம் வேண்டாம், கல்லை அடுக்கிக் கட்டும் மண்தாங்கு சுவரான கல்லுக் கையாலை போதும் என்கிறார். எந்தக் கல் நல்லது, வானம் (அஸ்திவாரக் குழி) எத்தனை அடி தோண்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கல்லைப் பற்றி இருந்தாலும், நம்மூரின் இரண்டு மழைக்காலத்தையும் தாங்கி அந்தச் சுவர் நிற்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். கல்லும் வானமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வீட்டு வேலை, தோட்ட வேலை என்று மேற்பார்வை பார்த்தே காலத்தை ஓட்டியவன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆறடி ஹாலோ பிளாக் சுவர் வேண்டாம். பெரியவர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லும் கையாலையும் ஒரே உயரமாக இருந்தால் சரிவராது. மூன்று தட்டாக, அதாவது படிப்படியான மூன்று சமதளமாகப் பிரித்துக் கட்டினால் செலவும் குறையும், தூக்கமும் வரும்.

காரணம் எளிது. மண் சுவரைத் தள்ளும் விசை உயரத்தோடு நேராகக் கூடுவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். சுவரை அடியிலிருந்து கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகும். இரண்டடிச் சுவரோடு ஆறடிச் சுவரை ஒப்பிட்டால், மண்ணின் தள்ளல் ஒன்பது மடங்கு, கவிழ்க்கும் விசை 27 மடங்கு. இது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத கணக்கு. எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். உயரம் மூன்று மடங்குதானே, சுவரையும் மூன்று மடங்கு தடிமனாக்கினால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எட்டு அங்குல ஹாலோ பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி உயரத்தில் அந்தச் சுவரின் சொந்த எடை அதை நிமிர்த்திப் பிடிக்கும் அளவோடு, பின்னால் உள்ள காய்ந்த மண் அதைக் கவிழ்க்கும் அளவை ஒப்பிட்டால், கவிழ்க்கும் பக்கம் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. நனைந்த மண்ணின் கணக்கு இன்னும் மோசம். சொல்லப்போனால் இரண்டடி உயரத்திலேயே அந்தப் பிளாக் சுவரின் எடை மண்ணின் தள்ளலுக்குச் சரியாக ஈடுகொடுக்காது, சாந்தின் பிடிப்பில்தான் நின்றுகொண்டிருக்கும். நடுவில் போடும் பெல்ட் இதை மாற்றாது. அந்தக் கம்பி சுவரின் நீளவாக்கில் ஓடுகிறது; சுவர் விழப்போவது முன்பக்கமாக. செங்குத்தாகக் கம்பி நிறுத்தி, அதை அகலமான கான்கிரீட் அடித்தளத்தோடு கட்டி, பிளாக்கின் ஓட்டையையெல்லாம் கான்கிரீட்டால் நிரப்பினால் அது வேறு வகைச் சுவர், வேறு வகைச் செலவு. கொத்தனார் அதைச் சொல்லவில்லை என்றே உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. காம்பவுண்டுச் சுவர் கட்டிப் பழகிய கை, அதே சுவரை மண்ணுக்கு முன்னால் நிறுத்தப் பார்க்கிறது. நம் பக்கம் ஐப்பசி மழையில் சரிந்து கிடக்கும் சுவர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இனி மூன்று தட்டுக் கணக்கு. 36 அடியை 12 அடி அகலமுள்ள மூன்று தட்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் 2 அடி இறக்கம். தட்டின் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணை அதே தட்டின் கீழ்ப்பாதியில் நிரப்ப வேண்டும். தட்டின் நடுக்கோட்டில் பழைய தரை மட்டம் அப்படியே இருக்கும். மேல் ஓரத்தில் ஓரடி வெட்டு, கீழ் ஓரத்தில் ஓரடி நிரப்பு. இப்படிச் செய்தால் முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவில் இரண்டடிச் சுவர், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொரு இரண்டடிச் சுவர், கடைசியில் கீழ் எல்லையில் ஓரடிச் சுவர் மட்டும் போதும். இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபம் உண்டு. நடுவில் வரும் இரண்டு சுவர்களின் பாதமும் வெட்டி எடுத்த இடத்தில், பழைய தரைக்கு ஓரடி கீழே, கைபடாத மண்ணில் நிற்கும். கொட்டிய மண்ணின் மேல் அஸ்திவாரம் வரவே வராது.

வீட்டை ஒட்டி மட்டும் ஜாக்கிரதை. மேல் தட்டின் உள் ஓரத்தில் ஓரடி வெட்டு வருகிறது என்றேன் அல்லவா, அந்த வெட்டு வீட்டின் அஸ்திவாரத்தை நெருங்கக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து ஏழெட்டு அடியாவது தொடாமல் விட்டுவிட்டு, அதற்கப்புறம் தட்டைத் தொடங்குங்கள். உங்கள் 36 அடி அளவு வீட்டுச் சுவரிலிருந்தே எடுத்ததாக இருந்தால், தட்டுகள் ஒவ்வொன்றும் ஒன்பது, ஒன்பதரை அடியாகக் குறுகும். குறுகட்டும், வாழைக்கு அது போதும். வீட்டை ஒட்டி விட்ட அந்த ஏழெட்டு அடியையும் லேசான சரிவாகவே விட்டுவிட்டால் சுவர்களின் உயரமும் அதிகமாகாது.

மண்ணளவைப் பாருங்கள். மூன்று தட்டு முறையில் மொத்தமாக வெட்ட வேண்டியது சுமார் 360 கன அடி, அதாவது மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டியது அங்கேயே நிரப்பாகிவிடும்; லாரி வரவே வேண்டாம். கொத்தனார் சொன்ன முறையில் கீழே ஆறடிச் சுவர் கட்டி மேல்மட்டம் வரை நிரப்பினால் 4,300 கன அடிக்கு மேல், 43 யூனிட் மண் வெளியிலிருந்து வாங்கவேண்டும். மண் அள்ளவும் ஏற்றிவரவும் கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது தனித் தலைவலி. கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறடிக்குச் சரியான தடிமனில் ஒரே கல்சுவர் கட்டினால் அஸ்திவாரத்தோடு சேர்த்து 750 கன அடி வரை கல் பிடிக்கும். மூன்று சின்னச் சுவர்களுக்கும் சேர்த்து 400 கன அடிக்குள் முடியும். கூலி உங்கள் ஊர் நிலவரத்தைப் பொறுத்தது, அதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தண்ணீர். என்னைக் கேட்டால், தோட்டச் சுவரை வீழ்த்துவது மண்ணைவிடத் தண்ணீர்தான். ஒரு மீட்டர் உயரச் சுவரில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் காய்ந்த மண் கொடுக்கும் தள்ளல் சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். அதே சுவரின் பின்னால் தண்ணீர் முழுக்க நிறைந்துவிட்டால் அது 600 கிலோவைத் தாண்டிவிடும். நல்ல சுவர் என்று எல்லோரும் நினைப்பது ஒரு சொட்டுக்கூடக் கசியாத சுவரை. தோட்டத்தில் அது தலைகீழ். கசியும் சுவர்தான் நல்ல சுவர். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் மண் காய்வதற்குக் கிடைக்கும் இடைவெளி நமக்குக் கிடைப்பதில்லை. அதனால் மதுரையிலோ திருச்சியிலோ தாங்கிய ஒரு சுவரைக் காட்டி இங்கே யாராவது சாட்சி சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால்தான் சாந்து இல்லாமல் அடுக்கும் கல்லுக் கையாலையை நான் விரும்புகிறேன். அதற்கு ஓட்டை விடத் தேவையில்லை. ஒவ்வொரு இடுக்கும் ஓட்டைதான். மண் கொஞ்சம் அமர்ந்தால் சுவரும் சேர்ந்து அமர்ந்துகொள்ளும், விரிசல் விடாது. எங்காவது நாலு கல் பெயர்ந்தால் நீங்களே திரும்ப அடுக்கலாம். மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கென்றே 1998-ல் வந்த இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 14458-ல் உலர் கல்சுவர் கட்டும் முறைக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள்; ஏதோ பழங்கால வேலை என்று ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் ஒன்று, இதற்குக் கை தெரிந்த ஆள் வேண்டும். சாந்துச் சுவரில் மோசமான அடுக்கை சிமென்ட் மறைத்துவிடும், உலர் சுவரில் மறைக்க எதுவும் இல்லை. அப்படி ஆள் கிடைக்காவிட்டால் சாந்து வைத்தே கட்டுங்கள், தப்பில்லை. அப்போது மூன்று அங்குல பிவிசி குழாயை ஐந்தடிக்கு ஒன்றாக, கீழ்த்தரைக்கு நாலைந்து அங்குலம் மேலே, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். குழாயின் உள்வாயில் வலை கட்டி, அதைச் சுற்றிச் சல்லி நிரப்ப வேண்டும். குழாயை மட்டும் செருகிவிட்டு நேராகச் செம்மண்ணைத் தள்ளினால் முதல் மழைக்காலத்திலேயே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கக் குழாய் அழகாகத்தான் இருக்கும், தண்ணீர் மட்டும் வராது.

எந்தச் சுவராக இருந்தாலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லியோ உடைகல்லோ அடியிலிருந்து மேல் வரை நிற்க வேண்டும். கடைசி ஆறேழு அங்குலம் மட்டும் மேல்மண். செம்மண் இந்தக் கல்லுக்குள் இறங்கி அடைக்காமல் இருக்க நடுவில் ஒரு வடிகட்டித் துணி விரிப்பது நல்லது. செயற்கை இழைத் துணி பல ஆண்டு வரும். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் கயிற்று விரிப்பு இரண்டு மூன்று ஆண்டில் மக்கிவிடும். அதற்குள் மண் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டடிச் சுவருக்கு அது போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேலே உயர்ந்தால் நான் கயிற்றை நம்பமாட்டேன்.

கல்லுக்கு வருகிறேன். கருங்கல்லா வெட்டுக்கல்லா? வெட்டுக்கல் வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டுக் கெட்டியாவது. மலப்புறம் பக்கத்து அங்காடிப்புறத்தில் ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைப் பார்த்துவிட்டுத்தான், 1807-ல் வந்த தன் பயண நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். வீட்டுச் சுவருக்கு அருமையான கல். ஆனால் எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும் மண்ணடி வேலைக்கு எல்லா வெட்டுக்கல்லும் ஒத்துவராது. நகத்தால் சுரண்டினால் மஞ்சள் மாவாக உதிரும் கல்லை அங்கே வைக்காதீர்கள். நான் செய்யச் சொல்வது அஸ்திவாரமும் முதல் ஓரடியும் கருங்கல், அதற்கு மேலே வேண்டுமானால் வெட்டுக்கல். முழுக்கக் கருங்கல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தட்டு வெட்டும்போது உங்கள் மண்ணிலேயே கிடைக்கும் உருண்டைக் கற்களைச் சுவரின் வயிற்றில் போட வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்காதீர்கள். உருண்டைக் கல் முகத்தில் நிற்காது.

அடுக்கும் முறையில் கொத்தனாரோடு நீங்கள் சண்டை போடவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. கல்லின் நீண்ட பக்கம் மண்ணுக்குள் நோக்கிப் போகவேண்டும். முகத்தில் பெரிதாகத் தெரியட்டும், சீக்கிரம் வேலை முடியட்டும் என்று நீளவாக்கில் படுக்கப் போடுவார்கள். அப்படிக் கட்டியது சுவர் அல்ல, மண்ணுக்கு ஒட்டிய ஓடு. நாலடிக்கு ஒன்றாவது சுவரின் முழுத் தடிமனுக்கும் நீளும் கல் வரவேண்டும். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. உள்ளே உள்ள இடைவெளியில் சில்லுக் கல்லைக் கையால் ஒவ்வொன்றாகத் திணித்து இறுக்க வேண்டும், கூடையோடு கொட்டக்கூடாது, மண்ணைப் போட்டு மூடக்கூடாது. இரண்டடிச் சுவருக்கு அடியில் ஒன்றரை அடி அகலம், மேலே ஓரடி. முகம் செங்குத்தாக வேண்டாம். ஓரடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் மண்பக்கம் சாயட்டும். இந்தச் சாய்வின் அளவில் ஆளுக்கொரு கணக்கு உண்டு, ஒன்றரை அங்குலம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். சாய்வு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு முனையிலும் சாய்வு அளவுக்கு மரச்சட்டம் அடித்து, நடுவில் நூல் கட்டிக்கொண்டால் கண் ஏமாற்றாது.

வானம் எத்தனை அடி என்ற உங்கள் கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்வதென்றால், இரண்டடிச் சுவருக்கு முக்கால் அடி ஆழம், ஒன்றேமுக்கால் அடி அகலம். ஓரடிச் சுவருக்கு அரை அடி ஆழம். அடிப்பகுதி மலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். ஆனால் ஆழத்தைவிட முக்கியம், அந்த ஆழத்தில் என்ன மண் இருக்கிறது என்பது. வேலை தொடங்கும் முன் சுவர் வரும் கோட்டில் மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். சரளை கலந்த கெட்டிச் செம்மண் வந்தால் மேலே சொன்ன அளவு போதும். கறுத்த மண்ணும் செங்கல் துண்டும் சிமென்ட் சாக்கும் வந்தால், அது வீடு கட்டியபோது வானம் தோண்டிய மண்ணைப் பின்பக்கம் தள்ளியது. அதைத் தாண்டிப் பழைய தரை வரும் வரை இறங்கவேண்டும். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, ஈரக்கையில் வழுக்கும் களி வந்தால் நின்றுவிடுங்கள். வெட்டுக்கல் எடுக்கும் செம்பாறைக்கு அடியில் இந்தக் களி இருப்பது நம் பக்கமும் கேரளத்திலும் சாதாரணம். மேலே உள்ள செம்மண் நனைந்து கனத்து இந்த வழுக்கலின் மேல் நகர்வதும் சாதாரணம். அப்படி இருந்தால் சுவர் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சுவரோடு சேர்ந்தே நகரும். அந்த நிலையில் இந்தப் பதில் உங்களுக்குப் போதாது, நேரில் ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

பழைய ரப்பர் விளை என்பதால் இன்னொன்று. சுவர் வரும் கோட்டில் ரப்பர் குற்றி (வெட்டிய மரத்தின் அடிக்கட்டை) இருந்தால் வேரோடு தோண்டி எடுங்கள். அறுத்துவிட்டு மேலே கட்டினால் சில ஆண்டில் குற்றி மக்கி உள்ளே பொந்து விழும். சுவர் அந்த இடத்தில் தொங்கும். அதே சமயம் பழைய தோட்டத்தில் ஒரு நன்மையும் இருக்கலாம். ரப்பர் வைத்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே பிளாட்பாரம் வெட்டியிருப்பார்கள். அதன் தடம் இன்னும் தெரிந்தால், உங்கள் தட்டையும் அதே மட்டத்தில் அமையுங்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்ததாகிவிடும்.

நிரப்பும்போது முதலில் மேல்மண்ணை முக்கால் அடி வழித்து ஒரு பக்கம் குவித்து வையுங்கள். அம்மாவின் காய்கறிக்கு அந்த மண்தான் உயிர். அதை அடியில் புதைத்துவிட்டு மேலே சரளையை விரித்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு உரம் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அடிமண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, லேசாக ஈரம் காட்டித் திம்சுக்கட்டையால் இடிக்க வேண்டும். கடைசியில் பத்தில் ஒரு பங்கு உயரமாக விடுங்கள், மழையில் அமர்ந்துகொள்ளும். ஜேசிபி வெட்டுவதற்கு மட்டும் வரட்டும். கட்டிய சுவரின் முதுகுப் பக்கம் அது ஏறி மண் தள்ளினால், கட்டின அன்றைக்கே சுவர் வயிறு தள்ளிவிடும். பலா, மா நின்றால் அடிமரத்தைச் சுற்றி மண்ணேற்றாதீர்கள். அந்த மரத்தைச் சுற்றி ஒரு வட்டக் குழியை அப்படியே விட்டுச் சுவரை வளைத்துக் கொண்டுபோங்கள்.

தட்டின் மேற்பரப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் இரண்டு கட்சி உண்டு. தண்ணீர் சுவரின் மேல் வழிந்து போகட்டும் என்பது ஒரு கட்சி. மலைப்பக்கமாகச் சாய்த்து, மேல் சுவரின் பாதத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வைத்து, பக்கவாட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது இன்னொரு கட்சி. நீலகிரியின் உருளைக்கிழங்குச் சரிவுகளுக்கு உதகையில் 1954-ல் தொடங்கிய மண்வள ஆய்வு மையம் பரிந்துரைத்துவந்தது இரண்டாவதைத்தான்; ரப்பர் பிளாட்பாரமும் உள்நோக்கித்தான் சாயும். மழை மிகுந்த நம் பக்கத்துக்கு நானும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அந்த வாய்க்கால் நூறடிக்கு ஓரடி என்ற அளவிலாவது பக்கவாட்டில் இறங்க வேண்டும். தண்ணீர் அதில் தேங்கி நின்றால் மேல் சுவரின் காலிலேயே ஊறும், அப்போது முதல் கட்சியே தேவலாம். தட்டில் மழைக்குழி எடுத்துத் தண்ணீர் தேக்குவதையும் சுவருக்குப் பின்னால் செய்யாதீர்கள். நிலத்தடி நீருக்கு நல்லதுதான், கையாலைக்கு ஆகாது. வேண்டுமானால் கடைசித் தட்டுக்குக் கீழே, எல்லையிலிருந்து தள்ளி எடுங்கள்.

வீட்டுக் கூரைத் தண்ணீரை மறக்காதீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். ஒகி புயல் வந்த 2017 கார்த்திகை போன்ற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் முழுக்க உங்கள் முதல் தட்டில் விழுந்தால் எந்தச் சல்லியும் காப்பாற்றாது. குழாய் போட்டு மூன்று தட்டையும் தாண்டிக் கீழே விடுங்கள், விடுகிற இடத்தில் கல் பரப்புங்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழி பின்பக்கம் இருந்தால் அதன் ஊறலும் சுவரை நோக்கித்தான் வரும். அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. அதைத் தட்டின் விளிம்பில் வைக்காதீர்கள்.

கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சரிவில் இயல்பாகப் பரவி வந்த தண்ணீர் வேறு, நீங்கள் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் அவர் விளைக்குள் பாய்ச்சுகிற தண்ணீர் வேறு. முன்னதை யாரும் குற்றம் சொல்வதில்லை, பின்னதில்தான் தகராறு வரும். சுவரின் முழு அடித்தளமும் உங்கள் எல்லைக்குள்ளேயே வரும்படி கோடு போடுங்கள்.

வெட்டிவேர் நட்டால் சுவரே வேண்டாமா என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். வெட்டிவேர் நல்ல செடிதான். வேர் நேராகக் கீழே இரண்டு மூன்று மீட்டர் வரை இறங்கும், விதை போட்டுப் பரவாது, சரிவுக்குக் குறுக்கே நாலைந்து அங்குலத்துக்கு ஒரு தூராக நெருக்கி நட்டால் ஓடும் மண்ணை வடிகட்டி நிறுத்தும். ஆனால் செங்குத்தாக வெட்டிய இரண்டடியை அது பிடித்து நிறுத்தும் என்று நம்பக்கூடாது, அதுவும் நட்ட முதல் வருஷம். சரிவு இவ்வளவு இல்லாமல் பத்தடிக்கு ஓரடி என்று இருந்தால் நான் சுவரை விட்டுவிட்டு வெட்டிவேர் வரிசை மட்டும் போட்டிருப்பேன். உங்கள் இடத்தில் இரண்டும் வேண்டும். சுவரின் மேல் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே ஒரு வரிசை, கடைசிச் சுவருக்குக் கீழே ஒரு வரிசை. வாழையைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள்; குலை தள்ளிய வாழை காற்றில் சாயும்போது விளிம்பு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

நான் சொன்னதெல்லாம் எதுவரை செல்லும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாலடிக்கு மேல் ஒற்றைச் சுவர், சுவருக்கு மேலே வீடோ கார் நிறுத்தமோ, சுவருக்குக் கீழே ஆள் புழங்கும் கட்டடம், ஊற்று வடியும் சரிவு, முன்பே ஒருமுறை இறங்கிய மண் — இதில் ஒன்று இருந்தாலும் வடிவமைப்புக் கணக்கு போட்டு வாங்காமல் கட்டாதீர்கள். 2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததற்குப் பிறகு சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் மலையுச்சியிலிருந்து பாறையும் மரமுமாக இறங்கி வருவது வேறு விஷயம். எந்தக் கையாலையும் அதைத் தடுக்காது, உங்கள் தட்டு அதை உண்டாக்கவும் செய்யாது. உங்கள் வீட்டுக்கு மேலே செங்குத்தான மலை இருக்கிறதா, பழைய ஓடை இருக்கிறதா என்பது தனியாகப் பார்க்கவேண்டியது. உங்கள் கிராமம், மலைக் கிராமங்களில் கட்டட வேலைகளைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அப்புறம் ஜேசிபியைக் கூப்பிடுங்கள்.

வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். கீழ்ச் சுவரிலிருந்து மேலே ஏறி வாருங்கள். இடவப்பாதிக்கு முன் புதுமண் மேல் தட்டைப்பயறு தூவிவிட்டால் மழை நேரடியாக மண்ணில் அடிக்காது. முதல் பெருமழை முடிந்த மறுநாள் சுவரைப் பாருங்கள். இடுக்குகளில் தெளிந்த தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கலங்கிய செந்தண்ணீர் இரண்டாவது மூன்றாவது மழையிலும் நிற்காமல் வந்தால் பின்னால் உள்ள மண் கரைந்து வருகிறது, அந்த இடத்தை மட்டும் பிரித்து வடிகட்டித் துணியைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீரே வராமல் சுவரின் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மேல் மண்ணை வழித்து எடைகுறைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்று குழியும் தோண்டிப் பார்த்துவிட்டு, எந்த ஆழத்தில் என்ன நிற மண், குழியில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கியது, உறிஞ்சுகுழி எந்தப் பக்கம் என்று இங்கேயே எழுதுங்கள். சுவரின் இடத்தையும் அளவையும் அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.